முக்கிளை நரம்பு வலி: அழிப்பதா, விடுவிப்பதா?

பல் துலக்கப் போனால் வலி. முகம் கழுவினால் வலி. ஒரு வாய் சோற்றை மென்றால், நாலு வார்த்தை பேசினால், பஸ் ஜன்னல் காற்று கன்னத்தில் பட்டால்கூட ஷாக் அடித்தாற்போல ஒரு வலி கன்னத்திலோ தாடையிலோ சுரீரென்று பாய்கிறது. சில நொடிகள் நீடிக்கும்; மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல மறைந்துவிடும். ஒரு நாளில் பத்து முறையும் வரலாம், நூறு முறையும் வரலாம். சில மாதங்கள் தலைகாட்டாமல் இருந்துவிட்டு முன்னைவிடக் கடுமையாகத் திரும்புவதும் உண்டு. மனிதர் படும் வலிகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்றாக மருத்துவ உலகம் இதைக் கருதுகிறது. முக்கிளை நரம்பு வலி என்பது இதன் பெயர். மருத்துவர்கள் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்பார்கள்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடமே இது அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கும், இடப்பக்கத்தைவிட வலப்பக்கத்திலும் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒரு சிலருக்கே புதிதாக வருவதால் அரிய நோய் என்று ஒதுக்கிவிடுகிறோம். தமிழ்நாட்டின் மக்கள்தொகைக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஆண்டுதோறும் சில ஆயிரம் பேர் என்று வருகிறது. அவர்களில் எத்தனை பேர் சரியான இடத்துக்கு, சரியான நேரத்தில் போய்ச் சேர்கிறார்கள் என்பதுதான் கவலைக்குரிய விஷயம்.

இந்த நோயை ஓ.பி. அறையிலேயே கண்டுபிடித்துவிடலாம். எங்கே வலிக்கிறது என்று கேட்டதும், நோயாளி விரலைக் கன்னத்தருகே கொண்டுபோவார், தொடமாட்டார். ஓர் அங்குலம் தள்ளியே விரலை நிறுத்தி, “இந்த இடம்” என்பார். சாதாரணப் பல்வலிக்காரர் கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வருவார். இவருக்கோ தொடுவதே வினை. ஆணாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும் தாடி மழிக்காமல் விட்டிருப்பார். உதட்டை அசைக்காமல், பற்களைக் கடித்தபடியே பேசுவார். பேச்சின் நடுவே சட்டென்று நின்று, கண்ணை இறுக மூடி, முகத்தைச் சுருக்கி, சில நொடி கழித்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். ரத்தப் பரிசோதனை எதுவும் இந்த நோயைக் காட்டாது. வலியின் கதையைப் பொறுமையாகக் கேட்பதே இங்கே முதல் பரிசோதனை.

அந்தக் கதையைக் கேட்காததால் பறிபோவது பெரும்பாலும் பற்கள். மேல்வரிசைப் பற்களின் உணர்ச்சியையும் கீழ்வரிசைப் பற்களின் உணர்ச்சியையும் மூளைக்குக் கொண்டுசெல்வது இதே நரம்பின் கிளைகள்தான். எனவே நோயாளிக்கு இது பல்வலியாகவே தோன்றும். முதலில் பல் மருத்துவரிடம்தான் போவார். அங்கே ரூட் கெனால், அதற்கும் அடங்காவிட்டால் பல் பிடுங்கல், பிறகு பக்கத்துப் பல். நல்ல பற்கள் இரண்டு மூன்றை இழந்த பிறகு நரம்பியல் மருத்துவரிடம் வருகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். பல் மருத்துவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை; நோயாளியே “இந்தப் பல்தான், எடுத்துவிடுங்கள்” என்று மன்றாடுவதும் உண்டு. ஆனாலும் இந்த நோயை முதலில் சந்திக்கும் இடம் பல் மருத்துவமனை என்பதால், அங்கே இதை அடையாளம் கண்டுவிட்டால் நோயாளிக்குப் பல ஆண்டுகள் மிச்சமாகும்.

சிகிச்சை மருந்தில் தொடங்குகிறது. பாசல் நகரின் கெய்கி நிறுவனத்தில் வால்டர் ஷிண்ட்லர் 1953-ல் உருவாக்கிய கார்பமாசெபைன், 1962-ல் ஸ்வீடனில் பிளோம் என்ற மருத்துவரின் கையில் இந்த வலிக்கு மருந்தானது. டெக்ரிடால் என்ற பெயரில் நம் மருந்துக்கடைகளில் கிடைப்பது அதுதான். தொடக்கத்தில் பெரும்பாலோருக்கு மாத்திரை போட்ட இரண்டொரு நாளிலேயே வலி அடங்கிவிடுகிறது. அப்படி அடங்குவதே நோய் இதுதான் என்பதற்கு ஒரு துணைச் சான்று. சிக்கல் பின்னால் வருகிறது. மாதங்கள் செல்லச் செல்ல அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். கூட்டினால் தூக்கம், தள்ளாட்டம், மறதி, ரத்தத்தில் சோடியம் குறைவது. ஆசியர்கள் சிலரின் மரபணுவில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட வகையால் தோல் வெந்ததுபோல உரியும் ஆபத்தான ஒவ்வாமையும் வரக்கூடும். புதிதாக மாத்திரை தொடங்கியவர்கள் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ கண்டால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். எழுபது வயதுக்காரர் இந்த மாத்திரையின் மயக்கத்தில் கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது. “மருந்து கேட்கிறது” என்று சொல்லும்போது எந்த விலைக்குக் கேட்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மருந்து போதாமல் போகும் இடத்தில் அறுவைச் சிகிச்சை என்ற கேள்வி எழுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நீளும் அந்த அறுவைகளின் வரலாறு ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறது. வலியைச் சுமந்துவரும் நரம்பை அழிப்பதா, அல்லது நரம்பை அப்படியே வைத்துக்கொண்டு அதை வதைக்கும் காரணத்தை நீக்குவதா?

இதைப் புரிந்துகொள்ள நரம்பின் பாதையைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் இது ஐந்தாவது. மூளைத்தண்டில் பான்ஸ் என்னும் பகுதியின் பக்கவாட்டில் தடித்த வேராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. சற்று முன்னே சென்று மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு நரம்பு முடிச்சாகிறது. காசேரியன் முடிச்சு என்று அதற்குப் பெயர். அங்கிருந்து மூன்றாகப் பிரிகிறது. முதல் கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் போகின்றன. வலி பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கிளைகளின் எல்லைக்குள்தான். இந்தக் கிளை, முடிச்சு, வேர் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றில்தான் எல்லா அறுவைகளும் கைவைக்கின்றன. வரலாற்றில் மருத்துவர்கள் வெளியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக உள்ளே போயிருக்கிறார்கள்.

1756-ல் பிரான்சின் நிக்கோலா ஆந்த்ரே இந்த நோயை விவரித்து அதற்கொரு பெயரும் வைத்தார். கண்ணுக்குக் கீழே வெளிவரும் கிளையை அரிக்கும் மருந்தால் பொசுக்கினார். லண்டனில் ஜான் ஃபாதர்கில் 1773-ல் தம் நோயாளிகளைப் பற்றி மருத்துவச் சங்கத்தில் வாசித்த விவரணை, இன்றைய பாடநூல்களில் இருப்பதற்கு அதிகம் மாறுபட்டதல்ல. நரம்பை வெட்டினால் வலி போகும் என்ற எண்ணம் பரவிய காலத்தில் எந்த நரம்பை வெட்டுவது என்பதே தெளிவாக இல்லை. முகத்தை அசைக்கும் நரம்பு வேறு, முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் நரம்பு வேறு என்பதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் பெல் எடுத்துக்காட்டும்வரை, வலிக்காக அசைவு நரம்பை வெட்டிய மருத்துவர்கள் இருந்தார்கள். அந்த நோயாளிகளுக்கு வலியும் போகவில்லை; வாயும் கோணிப்போயிற்று.

வெளிக்கிளைகளை வெட்டினால் வலி சில மாதம் அடங்கும், நரம்பு மறுபடி வளரும், வலியும் கூடவே வரும். எனவே முடிச்சையே எடுத்துவிடத் துணிந்தார்கள். 1890-ல் லண்டனில் வில்லியம் ரோஸ், அதையடுத்து நியூயார்க்கில் ஃப்ராங்க் ஹார்ட்லி, ஜெர்மனியில் ஃபெடோர் க்ராவுஸ். நுண்ணோக்கியும் ரத்தம் ஏற்றும் வசதியும் ஆண்டிபயாடிக்கும் இல்லாத காலம். மண்டையோட்டின் அடித்தளத்தில் ரத்தம் குளமாகத் தேங்கும் இடத்தில் தடவித் தடவி அறுத்தார்கள். பலர் மேஜையிலேயே அல்லது அடுத்த சில நாட்களில் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்கு அரை முகம் மரத்துப்போயிற்று. கருவிழியில் உணர்ச்சி இல்லாததால் தூசு விழுந்ததுகூடத் தெரியாமல் புண்ணாகிப் பார்வை போனது. அப்படியிருந்தும் நோயாளிகள் அந்த அறுவைக்கு வரிசையில் வந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், வலி எப்படிப்பட்டது என்பது விளங்கும். ஹார்வி குஷிங் அணுகும் வழியைத் திருத்தி மரணங்களை வெகுவாகக் குறைத்தார். 332 முடிச்சு அறுவைகளின் அனுபவத்தை 1920-ல் வெளியிட்டார். ஃபிலடெல்ஃபியாவில் நரம்பியல் மருத்துவர் ஸ்பில்லர் சொன்ன யோசனையை 1901-ல் அறுவை மருத்துவர் ஃப்ரேஸியர் நிறைவேற்றினார்: முடிச்சை விட்டுவிட்டு அதன் பின்னால் உள்ள வேரை மட்டும் வெட்டுவது. பல பத்தாண்டுகள் அதுவே வழக்கமான அறுவையாக இருந்தது.

திருப்பம் பால்டிமோரில் நடந்தது. வால்டர் டேண்டி 1920-களில், காதுக்குப் பின்னாலிருந்து சிறுமூளையை ஒட்டி உள்ளே போய், வேர் மூளைத்தண்டைத் தொடும் இடத்திலேயே அதை வெட்டத் தொடங்கினார். மற்றவர்கள் உயிருள்ள மனிதரிடம் அரிதாகவே பார்த்திருந்த இடம் அது. போகப் போக அவர் கண்ணில் ஒன்று பட்டது. பல நோயாளிகளில் ஒரு ரத்தக்குழாய் வளைந்து வந்து அந்த வேரின் மேல் அழுந்திக்கிடந்தது. 1934-ல் அவர் எழுதிய கட்டுரையில் 215 நோயாளிகளில் ஏறத்தாழ 30 சதவீதத்தினரிடம் மேல் சிறுமூளைத் தமனி நரம்பை அழுத்துவதைக் கண்டதாகக் குறிப்பிட்டார். வலிக்குக் காரணமே இதுவாக இருக்கலாம் என்றும் சொன்னார். வெறும் கண்ணால் பார்த்து அந்த அளவுக்குக் கணித்தவர், குழாயை விலக்குவதோடு நிற்காமல் நரம்பை வெட்டிக்கொண்டேதான் இருந்தார். காரணத்தைக் கண்டவரின் கை பழைய வேலையையே செய்துகொண்டிருந்தது என்பது மருத்துவ வரலாற்றில் என்னை மிகவும் பாதித்த செய்திகளில் ஒன்று.

1950-களில் டென்மார்க்கின் டார்ன்ஹோய், அமெரிக்காவின் கார்ட்னர் என அங்கங்கே சிலர் வெட்டாமல் விடுவிக்கும் வழியை முயன்றார்கள். அதை முழு முறையாக்கியவர் பீட்டர் ஜனெட்டா. லாஸ் ஏஞ்சலிஸில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, பல் மருத்துவ மாணவர்களுக்காக உடலை அறுத்துத் தயாரிக்கையில் அறுவை நுண்ணோக்கியால் அந்த வேரைப் பார்த்தார். டேண்டி சொன்னதை நுண்ணோக்கி அவருக்குத் தெளிவாகக் காட்டியது. 1966-ல் அறுவையைச் செய்தார். 1967-ல் கட்டுரை வெளிவந்தது. மூத்தவர்கள் பலர் நம்பவில்லை. நரம்பைத் தொட்டுக் கிளறியதால்தான் வலி குறைந்தது, குழாயை விலக்கியதால் அல்ல என்று வாதிட்டார்கள். பிட்ஸ்பர்க்குக்குப் போய்ப் பத்தாண்டுக் கணக்கில் நோயாளிகளைப் பின்தொடர்ந்து அவர் பதில் சொன்னார்.

இன்று நுண்குழாய் விடுவிப்பு அறுவை என்று சொல்லப்படுவது அதுதான். நோயாளிக்கு முழு மயக்கம் கொடுத்து ஒருக்களித்துப் படுக்கவைக்கிறார்கள். காதுக்குப் பின்னால் நாலைந்து சென்டிமீட்டர் கீறல். எலும்பில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய துளை. மூளையின் உறையைத் திறந்து தண்டுவடத் திரவத்தை மெல்ல வடியவிட்டால் சிறுமூளை தானாகத் தாழ்ந்து வழிவிடும். அழுத்தித் தள்ள வேண்டியதில்லை. அந்த இடுக்கில் ஓரிரு அங்குலம் உள்ளே போனால் வெள்ளை நிறத்தில் ஐந்தாவது நரம்பு. அதன் தோளில் சாய்ந்தபடி, இதயத் துடிப்புக்கு ஏற்ப அசைந்துகொண்டிருக்கும் ஒரு சிவந்த தமனி வளைவு. ஒவ்வொரு துடிப்பிலும் அது நரம்பில் இடிக்கிறது. தமனியைத் தூக்கிப் பார்த்தால் நரம்பில் பள்ளம் விழுந்திருக்கும்; அந்த இடம் சாம்பல் நிறமாக மெலிந்திருக்கும். பஞ்சுபோலப் பிரித்த டெஃப்லான் துணுக்குகளைத் தமனிக்கும் நரம்புக்கும் நடுவே செருகி, இரண்டும் மறுபடி சேராதபடி செய்துவிட்டுத் திரும்பிவருகிறார்கள். அருகிலேயே செவி நரம்பு ஓடுவதால், காதில் ஒலி கொடுத்து மூளைத்தண்டின் மின் அலைகளை அறுவை முழுக்கக் கண்காணிப்பது வழக்கம். இங்கே அவசரத்துக்கு இடமில்லை. அந்தப் பகுதியில் ஒரு சிரையைக் கிழித்தாலோ மூளைத்தண்டுக்குப் போகும் நுண்தமனியைச் சிதைத்தாலோ விளைவு கொடியது.

நோயாளி மயக்கம் தெளிந்து எழும்போதே பெரும்பாலும் வலி இருப்பதில்லை. பிட்ஸ்பர்க்கில் 1972 முதல் 1991 வரை அறுவை செய்துகொண்ட 1,185 பேரைப் பற்றிய ஆய்வு 1996-ல் வெளியாயிற்று. அறுவை முடிந்ததும் 82 சதவீதத்தினருக்கு வலி முழுமையாகவும், 16 சதவீதத்தினருக்கு ஓரளவும் போயிருந்தது. பத்து ஆண்டு கழித்தும் மாத்திரையே இல்லாமல் வலியின்றி இருந்தவர்கள் 70 சதவீதம். இருவர் இறந்தார்கள், ஒருவருக்கு மூளைத்தண்டில் ரத்த ஓட்டம் அடைபட்டது, ஒரு சதவீதத்தினர் அந்தப் பக்கக் காதின் கேட்கும் திறனை இழந்தார்கள். திரும்பிய வலிகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பின. நரம்பை அழிக்காமலே இவ்வளவு நீண்ட நிவாரணம் என்பதுதான் இதன் சிறப்பு. கன்னம் கன்னமாகவே இருக்கிறது. பேரக்குழந்தை முத்தமிட்டால் தெரிகிறது.

ஆனால் ரத்தக்குழாய்க் கோட்பாடு முழுக் கதையைச் சொல்லிவிடவில்லை. வலியே இல்லாத மனிதர்களின் ஸ்கேனிலும் குழாய் நரம்பைத் தொட்டுக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். கடும் வலி உள்ள சிலருக்கோ அங்கே எந்தக் குழாயும் இருப்பதில்லை. இதனால் 2018-இன் சர்வதேசத் தலைவலி வகைப்பாடு நோயை மூன்றாகப் பிரித்தது. குழாய் வெறுமனே தொடுவது மட்டுமின்றி நரம்பை நசுக்கியோ நகர்த்தியோ மெலியவைத்தோ இருந்தால் முதல் வகை. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் அல்லது அந்தப் பகுதியில் வளர்ந்த கட்டி போன்ற வேறொரு நோயால் வருவது இரண்டாம் வகை. காரணம் எதுவும் புலப்படாதது மூன்றாம் வகை. இந்தப் பிரிவினை ஏட்டளவில் நிற்பதல்ல. விடுவிப்பு அறுவையின் பலன் முதல் வகையில்தான் மிக நன்றாக இருக்கிறது. ஆகவே “தமனி வளைவு நரம்பைத் தொடுகிறது” என்று எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ஒரு வரி இருப்பதாலேயே மண்டையைத் திறக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். வலியின் கதையும் ஸ்கேனும் ஒரே பக்கத்தைக் காட்ட வேண்டும். நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்கோ, இரண்டு பக்கமுமோ, முகம் மரத்துப்போவதோடு சேர்ந்தோ இந்த வலி வந்தால் இரண்டாம் வகையை முதலில் தேட வேண்டும்.

குழாய் வேரின் அந்தக் குறிப்பிட்ட பகுதியில் அழுத்தும்போது ஏன் வலி வருகிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. மூளைத்தண்டை விட்டு வெளியே வரும் இடத்தில் நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகிறது. அந்தச் சந்திப்பு பலவீனமானது. வயதாக ஆக நீண்டு தொய்யும் தமனி அங்கே இடித்துக்கொண்டே இருந்தால் உறை தேய்கிறது. தொடுதலைச் சுமக்கும் இழையின் மின்தூண்டல் பக்கத்தில் வலியைச் சுமக்கும் இழைக்குத் தாவுகிறது. லேசாகத் தொட்டாலே பேரிடி விழுவது இதனால்தான்.

மண்டையைத் திறக்க முடியாதவர்களுக்கும் விரும்பாதவர்களுக்கும் ஊசி வழிகள் இருக்கின்றன. வாயின் ஓரத்திலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் வெளியே, கன்னத்தில் குத்தி, எக்ஸ்ரேயின் துணையோடு மண்டையோட்டின் அடியில் உள்ள ஒரு துளை வழியே முடிச்சுவரை ஊசியைச் செலுத்தலாம். இந்தப் பாதையை 1914-லேயே ஜெர்மனியின் ஹெர்டல் வகுத்துவிட்டார். அன்று செலுத்தியது ஆல்கஹால். 1974-ல் பாஸ்டனின் ஸ்வீட்டும் வெப்ஸிக்கும் ரேடியோ அலைவரிசை வெப்பத்தை அளவோடு பயன்படுத்தும் முறையை வெளியிட்டார்கள். இதில் நோயாளியின் பங்கு அதிகம். ஊசி போய்ச் சேர்ந்ததும் மயக்கத்தைத் தெளிய வைத்து, மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, “எந்த இடத்தில் குறுகுறுக்கிறது?” என்று கேட்பார்கள். தாடை என்றால் தாடை, கன்னம் என்றால் கன்னம். வலிக்கும் கிளைக்கு ஊசிமுனை வரும்வரை நகர்த்துவார்கள். மறுபடி மயக்கி, ஒரு நிமிடம் போலச் சூடாக்கி, எழுப்பி, குண்டூசியால் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். குத்துவது தெரிந்தும் கூர்மை தெரியாத நிலை வந்தால் வேலை முடிந்தது.

கிளிசராலின் கதை தற்செயலானது. ஸ்வீடனின் ஸ்டென் ஹோகன்சன், கதிர்ச் சிகிச்சைக்கு நரம்பின் இடத்தைக் குறிக்க ஓர் உலோகப் பொடியைக் கிளிசராலில் கலந்து செலுத்தினார். கதிர் பாய்ச்சும் முன்பே வலி போய்விட்டது. 1981-ல் அதையே சிகிச்சை முறையாக வெளியிட்டார். 1983-ல் முல்லனும் லிக்டரும் பலூன் முறையை எழுதினார்கள். ஊசி வழியே ஒரு சிறு பலூனை முடிச்சருகே கொண்டுபோய்ச் சாய நீரால் ஊதி, ஒரு நிமிட அளவுக்கு அழுத்திவைப்பது. எக்ஸ்ரேயில் பலூன் பேரிக்காய் வடிவில் தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறது என்று பொருள். அழுத்தும் கணத்தில் இதயத் துடிப்பு திடீரென்று குறைவதுண்டு என்பதால் மயக்க மருத்துவர் தயாராகவே நிற்பார். கருவிழியின் உணர்ச்சிக்கு ஆபத்து குறைவு என்பதால் நெற்றிக்கிளை வலிக்கு இது ஏற்றது. மெல்லும் தசை சில வாரங்கள் சோர்ந்திருக்கும்.

இவை எல்லாமே நரம்பை ஓரளவு காயப்படுத்தித்தான் வலியை அடக்குகின்றன. பலன் உடனடியானது, பத்தில் ஒன்பது பேருக்கு முதலில் வலி போய்விடுகிறது. ஆனால் சில ஆண்டுகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு வலி மறுபடி வருகிறது; சிகிச்சையைத் திரும்பச் செய்துகொள்ளலாம். விலை, முகத்தின் ஒரு பகுதி மரத்துப்போவது. எண்பது வயதில் இதயக் கோளாறோடு இருப்பவருக்கு அது நல்ல பேரம்தான். அதே பேரத்தை ஐம்பது வயதுக்காரரிடம் முதல் வழியாக வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

கதிர் வழியும் ஸ்வீடனில் பிறந்ததே. லார்ஸ் லெக்செல் 1950-களின் தொடக்கத்தில் இந்த வலிக்கு எக்ஸ்ரே கதிரைக் குவித்துப் பார்த்தார். அந்த எண்ணம் பின்னாளில் காமா நைஃப் ஆனது. தலையில் ஒரு சட்டம் பொருத்தி, ஏறத்தாழ இருநூறு கோபால்ட் கதிர்களை நரம்பு வேரில் நாலு மில்லிமீட்டர் புள்ளியில் குவிக்கிறார்கள். கத்தியும் இல்லை, தையலும் இல்லை, அன்றே வீடு திரும்பலாம். பலன் தெரிய நாட்களோ வாரங்களோ பிடிக்கும் என்பதால், சாப்பிட முடியாமல் துடிப்பவருக்கு இது உதவாது. மார்செய் நகரில் 497 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியான ஆய்வில், தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வலி நீங்கியது. பத்து ஆண்டு கழித்து மாத்திரையின்றி வலியில்லாமல் இருந்தவர்கள் ஏறத்தாழ 45 சதவீதம். மரத்துப்போவது மாதங்கள் கழித்துத் தலைகாட்டக்கூடும்.

வெளிக்கிளையை மட்டும் வெட்டும் பழைய அறுவை இந்தியாவில் இன்றும் நடக்கிறது. உள்ளூரிலேயே, குறைந்த செலவில், வாய்க்குள் கீறி முடித்துவிடலாம். பெரிய மருத்துவமனைக்குப் போக வழியில்லாதவருக்குச் சில மாத நிம்மதி கிடைப்பதைக் குறைத்துப் பேச முடியாது. ஆயினும் அந்த நிம்மதி குறுகியது என்பதைக் கத்தி வைக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அழிக்கும் வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பயங்கரம் உண்டு. அரிதாகச் சிலருக்கு, மரத்துப்போன அதே இடத்தில் இரவும் பகலும் எரியும் வலி தங்கிவிடுகிறது. தொட்டால் உணர்ச்சி இல்லை. வலி மட்டும் இருக்கிறது. பழைய வலியாவது வந்து வந்து போனது. இது போவதே இல்லை. இதற்கு நல்ல மருந்தும் இல்லை, நல்ல அறுவையும் இல்லை. நரம்பை எவ்வளவு கடுமையாகச் சிதைக்கிறோமோ அவ்வளவுக்கு இந்த அபாயம் கூடுகிறது. முகத்தில் வரும் எல்லா வலியும் முக்கிளை நரம்பு வலி ஆகிவிடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க மந்தமாக வலிக்கிறது, எரிகிறது, இடம் குறிப்பாகச் சொல்ல முடியவில்லை என்பவருக்கு நரம்பைச் சுட்டால் நிலைமை மோசமாகும். தவறான நோயாளிக்குச் சரியான அறுவை செய்வதுதான் இந்தத் துறையின் ஆகப் பெரிய துன்பம்.

எந்த வழி சிறந்தது என்பதற்கு உறுதியான ஒப்பீட்டு ஆய்வு இருக்கிறதா? 2011-ல் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு தேடிப் பார்த்து, விடுவிப்பு அறுவையை மற்றொன்றோடு குலுக்கல் முறையில் ஒப்பிட்ட தரமான ஆய்வு இல்லை என்றே முடித்தது. நம் கையில் இருப்பவை பெரும்பாலும் அந்தந்த அறுவை மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றித் தாங்களே எழுதியவை. துடிக்கும் நோயாளியிடம் சீட்டுக் குலுக்கி, உனக்குத் துளை, உனக்கு ஊசி என்று சொல்வது எளிதல்ல என்பது உண்மை. இருந்தாலும் நீண்டகாலக் கணக்குகள் ஒரே திசையில்தான் சாய்கின்றன. 2019-இன் ஐரோப்பிய நரம்பியல் வழிகாட்டுதலும், குழாய் நரம்பை நசுக்கும் வகையில், உடல் தாங்கும் நோயாளிக்கு, விடுவிப்பு அறுவையையே முதலில் வைக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளின் கணக்குகளில், இந்த அறுவையை அதிகம் செய்யும் இடங்களில் சிக்கல்கள் குறைவாக இருந்தன. எனவே “நீங்கள் ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்?” என்று மருத்துவரிடம் கேட்க நோயாளிக்கு முழு உரிமை இருக்கிறது. நல்ல மருத்துவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

“கடைசிக் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்று அறுவையைத் தள்ளிவைப்பது நம்மிடையே ஆழமாக வேரூன்றிய பழக்கம். மூளை ஆபரேஷன் என்றதும் குடும்பமே கதிகலங்குகிறது. பத்தாண்டு மாத்திரைகளோடு, எடை குறைந்து, யாரோடும் பேசாமல், சாப்பாட்டுக்கே பயந்து வாழ்ந்துவிட்டு, அறுவை தாங்காத வயதில் வந்து சேர்கிறார்கள். விடுவிப்பு அறுவை செய்துகொண்டவர்களிடம் பிறகு கேட்டால் பலரும் சொல்வது, இதை முன்னமே செய்திருக்கலாமே என்பதுதான். இரண்டு மருந்துகளைத் தேவையான அளவு கொடுத்தும் வலி அடங்கவில்லை, அல்லது அடங்கினாலும் மனிதர் மயங்கியே கிடக்கிறார் என்றால், அப்போதே நரம்பியல் அறுவை மருத்துவரைப் பார்க்க அனுப்ப வேண்டும். பார்ப்பது வேறு, அறுத்துக்கொள்வது வேறு.

முதலில் எதைச் செய்கிறோம் என்பது அடுத்து வருவதையும் தீர்மானிக்கிறது. விடுவிப்பு அறுவைக்குப் பிறகு வலி திரும்பினால் ஊசி, பலூன், கதிர் எல்லாமே திறந்திருக்கின்றன. மறுபடி திறந்து பார்க்கவும் முடியும். அப்போது புதிதாக ஒரு குழாய் வந்து சாய்ந்திருக்கலாம், டெஃப்லான் துணுக்கைச் சுற்றித் திசு இறுகி அதுவே நரம்பை அழுத்தலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். எதுவும் இல்லாதபோது சில மருத்துவர்கள் நரம்பின் இழைகளை நீளவாக்கில் பிரித்துவிடுகிறார்கள். வலி குறையும், கொஞ்சம் மரத்துப்போகும். மாறாக, முதலில் சுட்டும் நசுக்கியும் கதிர் பாய்ச்சியும் பார்த்துவிட்டுக் கடைசியில் விடுவிக்கப் போனால், தமனியை விலக்கிய பிறகும் பலன் முன்போல் கிடைப்பதில்லை; ஏற்கெனவே காயம்பட்ட நரம்பு ஒவ்வொரு புதிய தலையீட்டிலும் இன்னும் கொஞ்சம் உணர்ச்சியை இழக்கிறது.